அரசவை கலைந்த பின்: தஞ்சைக் கலைஞர்களின் பிழைப்பும் வேட்கையும்

வேலை பறிபோன ஒருவர் முன்னால் இரண்டு வழிகள் இருப்பதாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது: நெடுநாளாக உள்ளத்தில் கிடந்த கனவைக் கையிலெடுப்பது ஒன்று, அடுத்த வேலையைத் தேடிப் புறப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தி எது சரி என்று கேட்பது பயன் தராது என்பதும், அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து. ஒரு வேலை போய் மறு பிழைப்பு அமையும் வரையில் உள்ள இடைக்காலத்தில் அந்த மனிதருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சோறிட்டவர் யார், எத்தனை காலம் இட்டார், அதற்கு ஈடாக எதைக் கேட்டார் என்பதே அக்கேள்வி. இதை ஆராயக் காவிரிப் படுகையில் தக்க சான்று இருக்கிறது; 1855-ஆம் ஆண்டின் இறுதியில் தஞ்சாவூரில் ஓர் அரசவை முழுவதும் வேலையிழந்தது, அதைச் சார்ந்து வாழ்ந்த பாடகரும் ஆடற்பெண்டிரும் நட்டுவனாரும் வாத்தியக்காரரும் புலவரும் அதன்பின் என்ன ஆனார்கள் என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து காணக் கிடைக்கும் வரலாறு.

அரசவைக் கலைஞர் என்றதும் மன்னர் மனமுவந்து அள்ளிக் கொடுத்த பொன்முடிப்பும் சால்வையும் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் அது பெரும்பாலும் சம்பள வேலை. மராட்டிய மன்னர்களின் அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில், அதாவது மராத்தி மொழியை விரைவாக எழுதுவதற்குப் பயன்பட்ட கூட்டெழுத்து வடிவில், எழுதப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. கலைஞருக்குச் சக்கரம், பணம் என்னும் அக்கால நாணயக் கணக்கிலும் நெல்லின் கணக்கிலும் கொடுக்கப்பட்டவை குதிரை லாயத்துச் செலவுக்கும் சமையற்கட்டுச் செலவுக்கும் இடையே, அதே கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில், வரிசையாகப் பதிவாகியிருப்பதைப் பார்க்கும்போது, கலை என்பது அந்த அரண்மனையில் ஒரு துறை என்பதும் அத்துறைக்கு ஆளும் கூலியும் இருந்தன என்பதும் விளங்கும். அத்துறையின் அடித்தளம் அப்போதே ஆட்டங்கண்டிருந்தது. 1799-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியை இழந்து, தஞ்சைக் கோட்டையையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன்களையும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் மட்டுமே வைத்துக்கொண்டார். நாடு இல்லாத மன்னரிடம் இசையும் நூலகமும் மருத்துவமும் செழித்தன என்று அக்காலத்தைப் பாராட்டுவது நியாயமே. ஆயினும் அந்தச் செழிப்பு முழுவதும் ஒரே ஒரு வருவாய் வழியில், அதுவும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தில், தொங்கிக்கொண்டிருந்தது.

சரபோசியின் மகனான இரண்டாம் சிவாசி 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசு இன்றி இறந்தார். வாரிசு இல்லாத அரசுகளைக் கம்பெனியோடு சேர்த்துக்கொள்ளும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் கொள்கைப்படி தஞ்சை அரசு முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. 1856-இல் அரண்மனைச் சொத்துகள் படைத்துணையோடு கைப்பற்றப்பட்டன. மூத்த அரசியாகிய காமாட்சிபாய் நீதிமன்றம் சென்றார்; சென்னையில் அவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தபோதிலும், 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, இது ஓர் அரசு மற்றோர் அரசின்மீது செய்த இறைமைச் செயல், இதை விசாரிக்கும் அதிகாரம் உள்நாட்டு நீதிமன்றத்திற்குக் கிடையாது என்று முடித்தது. தனிச்சொத்துகள் 1862-இல் அரசிக்குத் திரும்பின. அரச குடும்பத்தினருக்கும் அண்டி வாழ்ந்தோர் சிலருக்கும் ஓய்வூதியம் ஏற்பாடாயிற்று. அரசி வழக்காடியது போல் வழக்காடும் வாய்ப்போ, உரிமை கோர ஓர் ஏடோ கலைஞர்களுக்கு இருக்கவில்லை. சம்பளம் நின்றது, அவ்வளவுதான்.

நின்ற பிறகு அவர்கள் செய்ததை மதிப்பிட வேண்டுமானால், ஒரு தலைமுறைக்கு முன்பே அதே ஊரில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரைத் தஞ்சை நால்வர் என்று இசையுலகம் அழைக்கிறது. 1802 முதல் 1810 வரையிலான ஆண்டுகளில் பிறந்த இவர்கள் நட்டுவனார் குடியினர். நட்டுவனார் என்பவர் ஆடலைப் பயிற்றி, அரங்கில் ஆடுபவரின் அருகே நின்று தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி நிகழ்ச்சியை நடத்தும் ஆசிரியர். முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்று, பெரிய கோயிலிலும் சரபோசியின் அவையிலும் பணியாற்றிய இவர்கள், இன்று பரதநாட்டிய மேடையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று செல்லும் நிகழ்ச்சி முறையை வகுத்தவர்கள். அரண்மனையோடு மனம் முறிந்து தஞ்சையை விட்டு வெளியேறினர் என்பது இவர்களின் குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி.

வெளியேறிய நால்வர் பிரிந்து சென்ற முறை கூர்ந்து பார்க்கத்தக்கது. சின்னையா மைசூருக்குச் சென்று மும்மடி கிருஷ்ணராச உடையாரின் அவையில் அமர்ந்தார். வடிவேலு திருவாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரிடம் சேர்ந்தார். பொன்னையாவும் சிவானந்தமும் மீண்டும் தஞ்சைக்கே வந்து கோயிலையும் அரண்மனையையும் சார்ந்தனர். ஒரே குடும்பத்தின் நான்கு கைகள் மூன்று அரசுகளில் ஊன்றப்பட்டன. ஓர் அவை கலைந்தாலும் மற்றோர் அவையின் வருவாய் நிற்கும். நால்வரில் எவரும் இசையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகவில்லை; எவரும் வேலை தேடாமல் வீட்டில் அமர்ந்து தம் கலையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. தம் தொழிலுக்குள்ளேயே வேலை தேடினார்கள், அதைத் தம் ஊருக்கு வெளியே தேடினார்கள்.

வடிவேலுவின் கையில் இருந்த கருவியையும் இங்கே கவனிக்க வேண்டும். அக்காலத்தில் வயலின் ஐரோப்பியரின் பாண்டு வாத்தியக் குழுவுக்குரிய கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் மணலியில் அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார், வடிவேலுவும் அதைப் பயின்று வாய்ப்பாட்டின் உயிர்ப்போடு இசைக்கத் தேர்ந்தார். திருவாங்கூர் மன்னர் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். புதிய அவையில் அவருக்கு இடம் தேடித் தந்தவற்றுள் இந்தப் புதிய கருவியும் ஒன்று என்று கருத இடமுண்டு. தஞ்சையில் கற்ற பழைய வித்தையோடு, புதிய அவை அதிகம் கேட்டிராத ஒன்றையும் அவர் எடுத்துச் சென்றார். பாலுசாமியும் பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் அவை வித்துவான் பதவி பெற்றார் என்பது இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

இப்படிச் சோறிட்டவர்கள் ஈடாகக் கேட்டதும் உண்டு. பாடலில் புரவலரின் பெயர் வர வேண்டும். மைசூரில் இயற்றப்பட்ட வர்ணங்களும் தில்லானாக்களும் உடையார் குலத்து மன்னரைத் தலைவராக வைத்துப் பாடின. தஞ்சைப் பெரிய கோயிலின் பெருவுடையார்மேல் பாடப் பழகிய நாக்கு மைசூர் மன்னரைப் பாடியது. இதைத் தரக்குறைவு என்று இக்காலத்து வாசகர் சிலர் எண்ணக்கூடும். சாகித்தியத்தில் ஒரு பெயர் மாறியபோதிலும் அதைத் தாங்கிய சுரங்களின் கட்டுக்கோப்பு அப்படியே நின்றது என்பதையும், அந்தக் கட்டுக்கோப்பே நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அரங்கில் ஆடப்படுகிறது என்பதையும் எண்ணினால், அந்த விலை கொடுக்கத்தக்க விலையாகவே தோன்றுகிறது.

எல்லாருக்கும் அந்தப் பேரம் பேசும் இடம் கிடைக்கவில்லை. தஞ்சை அவையில் ஆடிய பாப்பம்மாளின் வழிவந்த காமாட்சியம்மாள் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பேத்தி வீணை தனம்மாள் 1867-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார், தனம்மாளின் பேத்தி ஆடற்கலைஞர் பாலசரஸ்வதி. தஞ்சையின் பதங்களும் வீணை மீட்டும் முறையும் தனம்மாளின் வீட்டுக் கூடத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில், அழைப்பின்பேரில் வந்தோர் முன்னிலையில் பாதுகாக்கப்பட்டன. அந்த வீட்டில் செல்வம் நிலைத்திருக்கவில்லை, வித்தை நிலைத்தது. மன்னரின் இடத்தை நகரத்து வணிகரும் வழக்கறிஞரும் எடுத்துக்கொண்டபோது, பெண்கள் தனித்து வாழ்ந்து கலைத்தொழில் செய்வதையே இழிவென்று பேசும் இயக்கம் 1890-களில் வலுப்பெற்றது. 1947-இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அச்சட்டம் களைந்த கொடுமை உண்மையானது. அதே வேளையில், ஆடலைத் தொழிலாகக் கொண்ட மகளிருக்கு அடுத்த பிழைப்பு எது என்பதை அது சொல்லவில்லை என்பதும் உண்மை. ஒரு சமூகச் சீர்திருத்தம் இடைக்காலத்தை எண்ணிப் பார்க்க மறந்தால் யார் தலையில் பாரம் விழும் என்பதற்கு இதைவிட வருத்தம் தரும் சான்று தேவையில்லை.

இன்னும் சிலருக்குத் தேர்வு என்ற சொல்லே பொருந்தாது. 1880-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாசிராவுக்குத் தஞ்சை அரச மரபைச் சேர்ந்த லட்சுமிபாய் மணம் செய்விக்கப்பட்டபோது, சீதனத்தின் ஒரு பகுதியாகத் தஞ்சை ஆடற்பெண்டிரும் நட்டுவனாரும் வாத்தியக்காரரும் பரோடா சென்றனர். கௌரா, காந்திமதி என்னும் இரு ஆடற்பெண்டிரின் பெயர்கள் அக்குழுவிலிருந்து நமக்குத் தெரிகின்றன. பரோடாவில் கலைஞர்களுக்கெனக் கலாவந்த் கார்கானா என்ற தனித்துறை இருந்தது. சம்பளம், விடுப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தன. மாதச் சம்பளம் உறுதி. தமிழ் தெரியாத ஊரில் தமிழ்ப் பதம் ஆட வேண்டியிருந்தது. அவர்களிடம் விருப்பம் கேட்டவர் இருந்திருக்க மாட்டார்.

தஞ்சையிலேயே தங்கியவர்களுக்குச் சோறிட்டவர்களில் சைவ மடங்களாகிய ஆதீனங்களையும் மிராசுதார்களையும் முதலில் சொல்ல வேண்டும். மிராசுதார் என்பவர் பரம்பரை நில உரிமையும் அதன் விளைச்சலில் பங்கும் உடைய நிலக்கிழார். வையச்சேரியில் 1844-இல் பிறந்த மகாவைத்தியநாதையர் அரசவை கலைந்தபோது பதினொரு வயதுச் சிறுவர். தியாகராசரின் மாணவராகிய மானம்புச்சாவடி வெங்கடசுப்பையரிடம் பயின்று, அரசவைப் பதவி என்ற ஒன்றே தம் ஊரில் இல்லாத காலத்தில் தலைசிறந்த பாடகராக எழுந்தார். இளமையிலேயே அவரைப் போற்றி ஆதரித்தவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர். இரண்டாம் சிவாசியின் மருமகன் சகாராம் சாகேபின் வேண்டுகோளால் 72 மேளகர்த்தா இராகங்களுக்குமான இராகமாலிகையை அவர் அமைத்தார். அவை கலைந்த பின்னும் அரண்மனையின் எச்சம் தன்னால் இயன்றதைக் கொடுத்தது. அதே காலத்தில், மராட்டியர் கொண்டுவந்த கீர்த்தன் என்னும் கதையோடு கலந்த இசை வடிவத்தைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் எடுத்து, கர்நாடக இசையோடு சேர்த்து, ஊர்தோறும் பொதுமக்கள் கூடிக் கேட்கும் கதாகாலட்சேபமாக வளர்த்தார். ஒரு மன்னர் கொடுத்ததை நூறு ஊர்களிலிருந்து திரட்டும் வழி அது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் கடப்பது முறையாகாது. ஆதீனத்தின் களஞ்சியத்திலும் மிராசுதாரின் குதிரிலும் இருந்த நெல் தானாக விளைந்ததன்று. காவிரியில் புதுவெள்ளம் வந்ததும் குறுவைக்கும், பின்னர் நெடுநாள் பயிராகிய சம்பாவுக்கும், குறுவை அறுத்த வயலில் மறுநடவாகும் தாளடிக்கும் சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். அதாவது ஒரு பண்ணைக்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு, நெல்லாகக் கூலி பெற்ற தொழிலாளி. இசைக்கு இடைக்காலச் சோறு கிடைத்தது அவருடைய உழைப்பால். அவருக்கோ வேலையற்ற கோடை மாதங்களில் கடனைத் தவிர வேறு துணை இல்லை; சுதந்திரத்திற்குப் பின் 1952-இல்தான் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவரை நிலத்திலிருந்து எளிதில் வெளியேற்றுவதைத் தடுக்க முயன்றது. பின்னாளில் அறுவடை இயந்திரம் வந்து கதிர் அறுப்புக் கூலி குறைந்தபோது அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்குப் பேருந்து ஏறினர். அவர்களுடைய கனவு என்ன என்று வரலாறு எழுதியவர் எவரும் கேட்டுப் பதிவு செய்யவில்லை. தஞ்சையின் கலைப்பெருமை பேசப்படும் ஒவ்வோர் அவையிலும் இதையும் சேர்த்துப் பேசுவது நேர்மை.

வேலை கனவுக்குப் பகை என்ற எண்ணத்தை மறுப்பதற்கு இப்படுகையிலேயே வலுவான சான்று உ. வே. சாமிநாதையர். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றதால் காலியான கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியில் அவர் 1880 பிப்ரவரியில் சேர்ந்தார். அதற்கு முன் அவர் இருந்தது திருவாவடுதுறை மடத்தில். உணவும் வீடும் மதிப்பும் புலவர் கூட்டமும் அங்கே இருந்தன. மடத்தில் இருந்தால் படிப்பு வளரும், கல்லூரிக்குப் போனால் பிழைப்பு மட்டுமே மிஞ்சும் என்று அப்போது எவரேனும் கணித்திருந்தால் அக்கணிப்பு பிழையாகியிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையர் படித்த நூல்களைக் கேட்டு வரும்போது சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்த வினாவிலிருந்து தொடங்கிய உழைப்பு 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், 1892-இல் சிலப்பதிகாரமாகவும், 1894-இல் புறநானூறாகவும் வெளிவந்தது. தம் வாழ்நாள் வேட்கை எது என்பதே அவருக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கல்லூரி அவரிடம் கேட்டது பகல் நேரத்தை. இரவையும் விடுமுறையையும் அவரிடமே விட்டது. அந்த இரவுகளில் ஏட்டுச்சுவடிகள் ஒப்பிடப்பட்டன.

இதற்கு நேர்மாறாகத் தோன்றுவது ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை. உற்று நோக்கினால் மாறானதன்று. தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், 1883-இல் தஞ்சைக்கு வந்து, துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளோடு பெண்கள் பள்ளி ஒன்றில் பணியாற்றினார். 1890-இல் இருவரும் அப்பணியை விட்டனர். பணியில் இருந்தபோதே அவர் சித்த மருத்துவம் பயின்று மருந்து செய்து கொடுத்துவந்தார். கருணாநிதி வைத்தியசாலை என்ற பெயரில் அவர் நடத்திய நிலையத்தின் கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் விலைபோயின. சம்பளத்தை விடும் நாளுக்கு முன்பே அதற்கு ஈடான வருவாய் எழுந்துவிட்டிருந்தது. பிறகு நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தார். வேளாண்மையில் புதிய முறைகளைச் சோதித்து அரசின் பாராட்டும் பெற்றார்.

இசை அதன்பிறகு வந்தது, இருபதாண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின். 1912-இல் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தஞ்சையில் நிறுவி, 1916 வரை இசை மாநாடுகள் பலவற்றைப் பெரும்பாலும் தம் சொந்தச் செலவில் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்துத் தங்கவைத்து, சுருதி என்னும் நுண்ணொலி அளவுகள் ஒரு ஸ்தாயியில் 22 அல்ல, 24 என்று வாதிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் அவர் குடும்பத்துப் பெண்கள் வீணையில் அதை இசைத்துக் காட்டினர். 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது; அச்சகமும் அவருடையதே. 1919-இல் அவர் மறைந்தார். அவருடைய சுருதிக் கணக்கை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. மறுக்கும் புரவலர் எவராலும் அவர் வாயை அடைக்க முடியவில்லை என்பது இங்கே முதன்மையானது. மாத்திரை விற்ற காசுக்குப் பாடலில் பெயர் கேட்கத் தெரியாது. இடைக்காலத்திற்குத் தாமே புரவலராக இருந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அதற்கு அவர் கொடுத்த விலை, வாழ்வின் பெரும்பகுதி வைத்தியத்திலும் தோட்டத்திலும் கழிந்தது என்பது.

நமக்கு அண்மைக் காலத்தில், பட்டப்படிப்பு முடித்து வேட்கைக்காக அரசுப்பணியைத் துறந்தவர் என்று இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் போற்றப்படுகிறார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்த அவர், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையப் பணியை 1969-இல் விட்டது உண்மை. அடுத்த பத்தாண்டு அவர் களக்காட்டில் அமைதித் தீவு என்னும் தொண்டு நிறுவனத்தில் பணியாற்றினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மக்கள் நினைவில் உள்ள இயற்கை வேளாண்மைப் போராளி அந்தப் பத்தாண்டில் உருவானவர்.

இன்றைய நிலைக்கு வருவோம். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் வேலையிழந்து, வாடகை வீட்டைக் காலி செய்து, கும்பகோணத்திற்கோ மன்னார்குடிக்கோ பட்டுக்கோட்டைக்கோ திரும்பும் இளைஞருக்கு இடைக்காலம் எத்தனை நாள்? ஆட்குறைப்பு என்பது தொழிலாளியின் குற்றம் எதுவுமின்றி வேலையளிப்பவர் அவரைப் பணியிலிருந்து நீக்குவது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் இழப்பீடாக விதித்தது. நான்கு ஆண்டு உழைத்தவருக்கு இரண்டு மாதச் சோறு என்று பொருள். ஆட்குறைப்பு என்று எழுதாமல், பணியாளரையே விலகல் கடிதம் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. அக்கடிதத்தில் கையெழுத்திட்டவர் அந்த இரண்டு மாதத்தையும் இழக்க நேரிடும் என்பதை ஒவ்வோர் இளைஞரும் அறிந்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவர்க்கு, வேலை போனால் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டம் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். ஆகமொத்தம், அரசும் நிறுவனமும் சேர்ந்து ஒரு வேலையிழந்தவருக்குத் தரும் காலம் ஒரு குறுவைப் பயிரின் காலத்தைத் தாண்டுவது அரிது.

எஞ்சிய காலத்தைச் சுமப்பவர் அப்பாவும் அம்மாவும், அண்ணனின் சம்பளமும், அக்காவின் நகையும், ஒரு வேலி நிலம் இருந்தால் அந்நிலமும். நிலமும் பென்சனும் உள்ள வீட்டுப் பிள்ளை கனவைப் பின்பற்றலாமா என்று ஆராய முடியும்; கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் மாதத் தவணை அந்த ஆராய்ச்சிக்கு இடம் தருவதில்லை. ஆகவே கனவைப் பின்பற்றாதவரைத் துணிவில்லாதவர் என்று மேடையில் பேசுவது கண்டிக்கத்தக்கது. அதைப் போலவே, வந்த இழப்பீட்டுத் தொகை முழுவதையும் எடுத்து, பயிற்சியோ வாடிக்கையாளரோ இல்லாத ஒரு தொழிலில் முதல் மாதமே போடுவதைத் துணிவு என்று பாராட்டுவதும் தவறு. விதைநெல்லைச் சோறாக்குவது என்று இப்பகுதி உழவர் சொல்வது இதையே. தஞ்சைக் கலைஞர் வரலாறு காட்டும் நடைமுறை வேறு. முதலில் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறியக் கணக்கிட வேண்டும். அதற்குள் கிடைக்கும் வேலையை எடுக்க வேண்டும். எடுக்கும்போது சம்பளத்தின் அளவோடு, அவ்வேலை இரவை விட்டுவைக்கிறதா, கையிலுள்ள வித்தைக்கு அருகில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சம்பளத்தில் சற்றுக் குறைந்தும் பொழுதில் நிறைந்தும் உள்ள வேலை, பெரிய சம்பளம் தந்து பன்னிரண்டு மணி நேரத்தை விழுங்கும் வேலையைவிட, வேட்கை உடையவருக்கு மேலானது. வேட்கை எது என்று இன்னும் தெரியாதவர் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை; சாமிநாதையருக்கே இருபத்தைந்து வயது வரை தெரியவில்லை.

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவே. மீதி ஊர் செய்ய வேண்டியது. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சரசுவதி மகால் நூலகமும், திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரியும், செல்வமுடைய ஆதீனங்களும், கூட்டுறவு வங்கிகளும் இருக்கின்றன. இவை சேர்ந்து இடைக்காலத்துக்கென ஒரு நிதி ஏற்படுத்துவது இயலாத காரியமன்று. அதைத் தொடங்கத் தஞ்சை வீணைப் பட்டறை ஏற்ற இடம். 2013-இல் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊரின் பொருள் என்னும் சட்டப்பாதுகாப்பு, இக்கருவிக்குக் கிடைத்தது. பலாமரத்தைக் குடைந்து குடமாக்கித் தண்டியோடு சேர்க்கவும், யாளி முகத்தைச் செதுக்கவும், இளகிய மெழுகு இறுகுவதற்குள் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்துப் பதிக்கவும், ஒரே மரத்தில் கடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணையைத் தொடவும் ஒருவர் தேர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும்; கற்கும் காலத்தில் வருமானம் சொற்பம் என்பதாலேயே ஆசாரிமார் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். நகரத்தில் வேலையிழந்து திரும்பிய இளைஞரும், திருப்பூரிலிருந்து திரும்பிய பண்ணையாள் குடும்பத்துப் பிள்ளையும், சாதி பாராமல், இப்பட்டறைகளில் இரண்டாண்டு பயில்வதற்கு மாதச் சம்பளமும், கற்பிக்கும் ஆசாரிக்குத் தனி ஊதியமும் தருவது அந்நிதியின் முதல் செலவாக அமையலாம்.